இந்தியன் கானூன்: ஒரு வாட்ஸ்அப் சண்டைக்காரனின் ரிவ்யூ

இது வக்கீல்களுக்கான தளம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். நான் வக்கீல் இல்லை. பகலில் தம்பு செட்டி தெரு பக்கம் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் அஃபிடவிட், வக்காலத்து என்று அடித்துக் கொடுப்பவன். ராத்திரியானால் தண்டையார்பேட்டை கேரம் கிளப் குரூப்பில் உலகத்தில் நடக்கும் அத்தனைக்கும் கருத்து சொல்பவன். இந்த இரண்டாவது வேலைக்குத்தான் எனக்கு இந்தத் தளம் தேவைப்படுகிறது, அதனால் ரிவ்யூவும் அந்தக் கோணத்தில்தான் இருக்கும். கேஸ் நடத்துகிறவர்கள் வேறு யாராவது எழுதியதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள், தீர்ப்பாயங்கள் கொடுத்த தீர்ப்புகள், அப்புறம் மத்திய அரசின் சட்டங்கள், எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தேடிப் படிக்கலாம், காசு கிடையாது. 2008 ஜனவரியில் சுஷாந்த் சின்ஹா என்பவர் தொடங்கினார். அவர் சட்டம் படித்தவர்கூட இல்லை, அப்போது அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். அதற்கு முன்பு ஒரு தீர்ப்பு வேண்டுமென்றால் ஜூனியர் பசங்கள் சீனியர் ஆபீஸ் அலமாரியில் தடித்தடியான சட்ட இதழ்களைப் புரட்டி, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள் என்று எங்கள் முதலாளி சொல்வார்.

எங்கள் குரூப் கேரம் போட்டித் தேதி சொல்லத்தான் ஆரம்பிக்கப்பட்டது. இப்போது கேரம் பற்றி யாராவது எழுதினால் அதுதான் ஆஃப் டாபிக். உக்ரைன், ஏஐ வந்தால் டைப்பிங் கடை இருக்குமா, கச்சத்தீவு, ஆதார், டிரம்ப் போட்ட வரி, எதையும் விடுவதில்லை. சண்டை சூடானதும் ஒருத்தர் கட்டாயம் சட்டத்தை எடுப்பார். போன வருஷம் மீம் ஒன்று போட்டதற்கு ஒரு அண்ணன் கொதித்துப்போய், "தம்பி, 66ஏ-ல உள்ள தூக்கிப் போட வச்சிடுவேன், ஜாக்கிரதை" என்று எழுதினார். குரூப்பே கப்சிப். அட்மின் பையன் தனியாக எனக்கு மெசேஜ் போட்டு, "அண்ணே, என்னையும் பிடிப்பாங்களா?" என்று கேட்டான். பாவம், அவனுக்கு அப்போதுதான் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

66ஏ என்பது நெட்டில் புண்படுத்துகிற மாதிரி எழுதினால் ஜெயில் என்று சொன்ன ஐடி சட்டப் பிரிவு. தேடல் பெட்டியில் அதைப் போட்டால் ஷ்ரேயா சிங்கால் வழக்கு கைக்கு வந்துவிடும். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே அடித்துத் தூக்கிவிட்டது. அதற்கு அப்புறமும் போலீஸ் அதே பிரிவில் எஃப்ஐஆர் போட்டுக்கொண்டிருக்கிறது என்று புகார் போய், 2021-ல் நீதிபதிகள் அதிர்ச்சி தெரிவித்தார்கள். சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது, ரத்தான செய்தி அடிக்குறிப்பில்தான் இருக்கிறது என்று அட்டர்னி ஜெனரல் அப்போது விளக்கம் கொடுத்தார். கடைசியில் 2022 அக்டோபரில், இந்தப் பிரிவில் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று கோர்ட் தனியாக உத்தரவே போட வேண்டியிருந்தது. அடிக்குறிப்பைப் போலீஸே படிக்கவில்லை என்றால் எங்கள் அண்ணன் எங்கே படிப்பார்?

அட்மின் பையனுக்கும் மருந்து கிடைத்தது, அதுவும் நம்ம ஊர் மருந்து. கரூர் வக்கீல்கள் வாட்ஸ்அப் குரூப் ஒன்றின் அட்மின் மீது வழக்குப் போட்டதில், 2021 டிசம்பரில் மதுரைக் கிளை, அவர் வெறும் அட்மினாக மட்டும் இருந்தார் என்றால் பெயரை நீக்கிவிடுங்கள் என்று போலீசுக்குச் சொன்னது. அதே வருஷம் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும், 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் சொன்னது அதையேதான். லிங்க்கை அனுப்பினேன். பையன் ஒரு கும்பிடு எமோஜி போட்டுவிட்டுத் தூங்கப் போனான். ஆனால் "நான் ஃபார்வர்டுதான் பண்ணேன்" கோஷ்டிக்கு இதில் ஆறுதல் இல்லை. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய ஒரு பதிவைப் பகிர்ந்த நடிகர் ஒருவர் வழக்கில், பகிர்ந்தாலே அதை ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருக்கிறது. அதையும் சேர்த்தே அனுப்பினேன். அதற்கு யாரும் எமோஜி போடவில்லை.

இந்தத் தளத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த சமாசாரம், ஒவ்வொரு தீர்ப்பின் தலைமாட்டிலும் இருக்கும் இரண்டு எண்கள். இந்தத் தீர்ப்பு எத்தனை பழைய வழக்குகளைக் குறிப்பிடுகிறது, பின்னால் வந்த எத்தனை தீர்ப்புகள் இதைக் குறிப்பிடுகின்றன என்று. இரண்டையும் தட்டலாம். கச்சத்தீவு சண்டையில்தான் அதன் அருமை தெரிந்தது. காசிமேட்டில் போட் வைத்திருக்கும் ஒருவர் எங்கள் குரூப்பில் இருக்கிறார். அவர் படகு ராமேஸ்வரம் பக்கம் போவதே இல்லை, ஆனால் கச்சத்தீவு என்றால் குரல் உயர்ந்துவிடும். "நாடாளுமன்றத்தைக் கேக்காம எப்படிடா கொடுத்தான்?" என்பது அவர் கேள்வி. 1974 ஒப்பந்தத்துக்கு அரசியல் சட்டத் திருத்தம் எதுவும் கொண்டு வரவில்லை என்பது உண்மை. நான் போய் பெருபாரி வழக்கை எடுத்தேன். 1958-ல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் நூனும் செய்த ஒப்பந்தப்படி வங்காளத்தில் பெருபாரி என்ற இடத்தில் பாதியைக் கிழக்கு பாகிஸ்தானுக்குக் கொடுக்க வேண்டும். குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நாட்டின் நிலத்தை விட்டுக்கொடுப்பதென்றால் அரசியல் சட்டத்தைத் திருத்தித்தான் ஆக வேண்டும் என்று 1960 மார்ச்சில் கோர்ட் சொல்லிவிட்டது, அதற்காகவே ஒன்பதாவது திருத்தம் வந்தது. போட்டேன் குரூப்பில். போட்காரர் ஜெயித்த மாதிரி பட்டாசு எமோஜி கொளுத்தினார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்காதே, அந்த இரண்டாவது எண்ணைத் தட்டினேன். 1969-ல் வந்த மகன்பாய் படேல் வழக்கு வந்து நின்றது. கட்ச் ரண் பகுதியில் பாகிஸ்தானோடு எல்லைத் தகராறு, சர்வதேசத் தீர்ப்பாயம் ஒரு கோடு போட்டுக் கொடுத்தது, அதை ஏற்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டுமா என்று கேள்வி. வேண்டாம் என்றது கோர்ட். நம்முடையது என்று உறுதியான நிலத்தைக் கொடுப்பது வேறு, எல்லை எது என்றே தெளிவில்லாத இடத்தில் தகராறைத் தீர்த்துக்கொள்வது வேறு என்பது அதன் வாதம். இப்போது கச்சத்தீவு இதில் எந்த வகை? தீவு அன்றைக்கே தகராறில்தான் இருந்தது, எதையும் தாரை வார்க்கவில்லை என்பதுதான் மத்திய அரசு கோர்ட்டில் சொன்ன வாதம். அது ராமநாதபுரம் ஜமீனுக்குச் சொந்தமானது, தகராறே கிடையாது என்பது எதிர்த் தரப்பு வாதம். ஜெயலலிதா 2008-ல் உச்ச நீதிமன்றம் போனது இந்தக் கேள்வியோடுதான். ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஓடியது. ஆனால் வழக்கமாக யார் துரோகி, யார் தியாகி என்று போகும் சண்டை அன்றைக்கு ஜமீன் ஆவணம், எல்லைக் கோடு என்று போனது. போட்காரர் மகன்பாய் தீர்ப்பை அவர் பெண்ணை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மறுநாள் வந்து, "அந்த ஜட்ஜு சொல்றது நியாயமாத்தான் கீது, ஆனா நம்ம கேஸ் அது இல்ல" என்றார். காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காத மனுஷன், தீர்ப்பையும் அப்படியே பார்த்துவிட்டார்.

எண்ணூர் விஷயத்திலும் கைகொடுத்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு பெரியகுப்பம் பக்கம் கடலுக்கு அடியில் போகும் குழாயில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடினார்களே, அப்போது குரூப்பில் ஒரு டெக்னாலஜி அபிமானி, "வேணும்னா பண்ணாங்க? ஆக்சிடென்ட்டுக்கு கம்பெனி எப்படிப் பொறுப்பு?" என்று கேட்டார். 1985-ல் டெல்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், ஆபத்தான தொழில் செய்கிறவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருந்தாலும் நஷ்டத்துக்கு அவரே முழுப் பொறுப்பு, சாக்கு எதுவும் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு எழுதியிருக்கிறது. அபிமானி அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்தாரா தெரியாது, அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சரி, குறைகளுக்கு வருவோம். முதல் குறை பெரியது. தீர்ப்பு பிற்பாடு செல்லாமல் போயிருந்தால், மேலே சிவப்பாக எழுதி உங்கள் மூஞ்சியில் அடிக்கிற மாதிரி இந்தத் தளம் சொல்லாது. ஆதார் சண்டையில் ஒருவர் 1954-ல் எட்டு நீதிபதிகள் கொடுத்த எம்.பி. சர்மா தீர்ப்பைக் கொண்டு வந்து, "அந்தரங்க உரிமைன்னு ஒண்ணு நம்ம சட்டத்துலயே இல்ல, எட்டு ஜட்ஜு சொல்லியாச்சு" என்று மார் தட்டினார். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து அந்தக் கருத்தைத் தள்ளிவிட்டது அவருக்குத் தெரியவில்லை. எட்டைத் தாண்ட வேண்டும் என்பதற்காகத்தான் ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள் என்பதே சுவாரசியமான கதை. ஆனால் அந்தப் புட்டசாமி தீர்ப்பு 547 பக்கம். என் போனில் திறந்தால் போன் இட்லிச் சட்டி மாதிரி சுடுகிறது, நடுவில் ஒரு வரியைத் தேடுவதற்குள் விரல் தேய்ந்துவிடும். கம்ப்யூட்டரில் பாருங்கள். எது வழக்கின் கதை, எது வக்கீல் வாதம், எது கோர்ட்டின் முடிவு என்று பத்திகளைப் பிரித்துக் காட்டும் வசதி வந்திருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். வக்கீல் வாதத்தைக் கோர்ட் சொன்னதாக நினைத்து ஸ்க்ரீன்ஷாட் போடுகிற வியாதி ரொம்பப் பேருக்கு இருக்கிறது.

இரண்டாவது, உலக அரசியலுக்கு இது அவ்வளவாக உதவாது. 2025 டிசம்பரில் புதின் டெல்லி வந்தபோது, சர்வதேச வாரண்ட் இருக்கும் ஆளை ஏன் பிடிக்கவில்லை என்று பெரிய ரகளை. ஹேக் நகரில் இரண்டு கோர்ட் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. நாடுகளுக்கு இடையிலான வழக்கைப் பார்ப்பது ஒன்று, தென்னாப்பிரிக்கா இஸ்ரேல் மீது போட்டது அங்கே. தனி ஆட்கள் மீது வாரண்ட் போடுவது இன்னொன்று, 2023 மார்ச்சில் புதின் மீதும் 2024 நவம்பரில் நெதன்யாகு மீதும் போட்டது அது. அந்த இரண்டாவது கோர்ட்டின் ரோம் சட்டத்தில் இந்தியா சேரவே இல்லை, அதனால் பிடித்துக் கொடுக்கும் கடமை நமக்கு இல்லை. இதையெல்லாம் அந்தந்த கோர்ட்டின் சொந்தத் தளத்தில்தான் பார்க்க வேண்டும், இந்தியன் கானூனில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஏஐ இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: காலேஜ் மூன்றாம் வருஷம் படிக்கும் தம்பி ஒருவன் முகம் அடையாளம் காணும் கேமரா பற்றிய சண்டையில் சாட்பாட் கொடுத்த தீர்ப்புகளை வரிசையாக அடுக்கினான். பெயர், வருஷம், எல்லாம் கனகச்சிதம். ஒவ்வொன்றாக இந்தியன் கானூனில் போட்டேன், ஒன்றுகூட இல்லை. 2023-ல் நியூயார்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்தின் மீதான வழக்கில் இப்படி இல்லாத தீர்ப்புகளைக் கோர்ட்டிலேயே கொடுத்து, வக்கீல்கள் 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். தம்பி அபராதமாக எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

இந்தத் தளமே ஒரு சண்டையில் மாட்டியிருக்கிறது, அதுவும் நம்ம சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து கிளம்பியது. ஒரு குற்ற வழக்கில் விடுதலையான ஒருவர், என் பெயர் போட்ட தீர்ப்பு அங்கே கிடக்கிறது, போகிற இடமெல்லாம் என்னைத் துரத்துகிறது என்று கோர்ட்டுக்குப் போனார். 2021-ல் தனி நீதிபதி முடியாது என்றார். 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளையில் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பை நீக்கச் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. எனக்கு இதில் இரண்டு மனசு. தீர்ப்பு பொதுச் சொத்து, ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டு நீக்கினால் ஒரு நாள் முக்கியமான பக்கம் எதுவும் மிஞ்சாது. ஆனால் எங்கள் கடைக்கு வரும் ஆட்களில் விடுதலையான பிறகும் வேலை கிடைக்காமல் திண்டாடுபவர்களை நான் பார்க்கிறேன். பெயரை மட்டும் மறைத்துவிட்டுத் தீர்ப்பை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. குரூப்பில் இதை ஏற்பவர்கள் குறைவு.

தேடும்போது ஒரு குறிப்பு. கொலைக்கு 302, மோசடிக்கு 420 என்று பழைய எண்ணை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா என்று புதிய சட்டம், கொலைக்கு 103, மோசடிக்கு 318. பழைய தீர்ப்புகள் பழைய எண்ணில்தான் இருக்கும், புதியவை புதிய எண்ணில். இரண்டையும் போட்டுப் பாருங்கள். சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போட்டால் குப்பை குறையும். சொந்த கேஸின் வாய்தா தேதிக்கு ஈகோர்ட்ஸ் செயலி இருக்கிறது, இங்கே வராதீர்கள்.

காசு கட்டிச் சேரும் பிரீமியம் பற்றி அடிக்கடி விளம்பரம் வரும், முதல் மாதம் இலவசம் என்று. புதிய தீர்ப்பு வந்தால் மெயில் வரும், விளம்பரம் இருக்காது. தொழில் செய்கிறவர்களுக்குச் சரி. குரூப்பில் சண்டை போட அது தேவையே இல்லை, இலவசமே தாராளம்.

5-க்கு 4 கொடுக்கிறேன். அந்த ஒன்றைக் குறைத்தது தீர்ப்புகள் பெரும்பாலும் இங்கிலீஷில் இருப்பதற்காக. அது தளத்தின் குற்றம் மட்டும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று சட்டமன்றம் 2006-ல் தீர்மானம் போட்டும் இன்னும் நடக்கவில்லை. உச்ச நீதிமன்றம் தன் தளத்தில் சில தீர்ப்புகளைத் தமிழில் போடுகிறது, அதையாவது இங்கே சேர்த்துக் கொடுத்தால் போட்காரர் தன் பெண்ணை ராத்திரி எழுப்பத் தேவையிருக்காது.