‘ஹைபிரிட் பேட்டரி போச்சு’ என்று சொன்னால், 12 வோல்ட்டை அளந்தீர்களா என்று கேளுங்கள்

சிங்கப்பூரிலிருந்து டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், வீட்டில் ஹைபிரிட் கார் இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஹைபிரிட் காரில் இரண்டு பேட்டரி உண்டு: வண்டியை ஓட்ட உதவும் பெரிய ஹைபிரிட் பேட்டரி ஒன்று, கணினிகளை எழுப்பும் சின்ன 12 வோல்ட் பேட்டரி ஒன்று.

ஒரு குடும்பத்துக்கு நடந்தது இது. வண்டி 2015 டொயோட்டா ப்ரையஸ். வாகன உரிமைச் சான்றிதழை 5 ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தார்கள். வீவக பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டைமாடித் தளத்தில் 5 வாரம் நின்றது. குடும்பம் திரும்பி வந்தபோது ரிமோட்டுக்குக் கதவு திறக்கவில்லை. சாவியைப் போட்டுத் திறந்து பவர் பொத்தானை அழுத்தினால், எல்லா எச்சரிக்கை விளக்கும் மங்கலாக மினுக்கி அணைந்தன. ஓடத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ விளக்கு வரவே இல்லை. ஒரு பட்டறை இழுவை வண்டி அனுப்பி எடுத்துப் போனது. அரை மணியில் போன்: “அண்ணே, ஹைபிரிட் பேட்டரி போச்சு. ஓட்டாம வச்சிருந்ததுல செல் எல்லாம் செத்துருச்சு. மாத்தினாத்தான் ஓடும்.” 3,800 வெள்ளி, அதற்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. மொத்தம் 4,142 வெள்ளி. பத்து வருட வண்டிதானே என்று உரிமையாளரும் நம்பிக் கட்டிவிட்டார். பழைய பேட்டரியைக் கேட்டதற்கு “ரீசைக்கிளுக்கு அனுப்பியாச்சு” என்று பதில்.

மூன்று வாரம் கழித்து, நான்கு நாள் ஓட்டாமல் விட்டதும், அதே கோளாறு. இந்த முறை வேறோர் இடத்தில் திறந்து பார்த்தார்கள். பின்சீட்டுப் பக்கத்தில் பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி காற்று இழுக்கும் வாயில் தூசி கம்பளம் மாதிரிப் படிந்திருந்தது. பேட்டரிப் பெட்டியின் போல்ட்டுகளிலும் அதே தூசி, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. மூடியைக் கழற்றினால், செல்களை இணைக்கும் செப்புப் பட்டைகளில் பச்சைக் களிம்பு. புதிய பேட்டரியிலோ, ஒழுங்காகச் சீரமைத்த பேட்டரியிலோ அது இருக்காது. அதாவது அந்தப் பெட்டியை யாரும் தொடவே இல்லை. ஸ்கேனரில் பார்த்தால் பெரிய பேட்டரியின் 14 பிளாக்குகளுக்கும் (இரண்டிரண்டு மாட்யூலாகச் சேர்த்து அளக்கும் பகுதிகள்) இடையே, வண்டி ஓடும்போதுகூட, 0.2 வோல்ட் வித்தியாசம்தான். நல்ல ஆரோக்கியமான பேட்டரி.

பட்டறை உண்மையில் மாற்றியது பூட் எனும் பின்பக்கச் சாமான் அறையில் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியை மட்டும். அதிலும் தப்பு. இந்த வண்டிக்கு ஏஜிஎம் வகை, அதாவது அமிலம் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருக்கும் மூடிய பேட்டரி, வேண்டும். பேட்டரி பயணிகள் இருக்கும் அறைக்குள்ளேயே இருப்பதால், அதிலிருந்து வரும் ஹைட்ரஜனை வெளியேற்ற ஒரு மெல்லிய குழாய் மாட்டியிருக்கும். அவர்கள் போட்டது சாதாரண திரவ பேட்டரி. குழாய் எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பணம் போனதைவிட இதுதான் கோபமூட்டுகிறது.

முதல் கோளாறின் காரணமோ கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்தது: நிறுத்திய வண்டியிலும் பதிவு செய்யும் பார்க்கிங் பயன்முறையில், நேரடியாக வயர் கொடுத்த டேஷ்கேம். அது 0.3 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரி ஆறே நாளில் காலி. ஐந்து வாரம் எதற்கு?

போனில் சொன்ன காரணம் ஏன் அபத்தம் என்று பார்ப்போம். ப்ரையஸின் பெரிய பேட்டரி 28 மாட்யூல், 201.6 வோல்ட். வண்டியை அணைத்ததும் ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) திறந்து, அது வண்டியின் மற்ற பாகங்களிலிருந்து முழுக்கத் துண்டிக்கப்படும். டேஷ்கேமோ அலாரமோ அதைத் தொட முடியாது. தானாகக் கசிவது மட்டும்தான். வெயிலில் கொஞ்சம் வேகமாகக் கசியும், ஆனாலும் 5 வாரத்தில் சாகாது. சில மாதத்துக்கு ஒரு முறையாவது 30 நிமிடமோ 16 கிலோமீட்டரோ ஓட்டுங்கள் என்றுதான் டொயோட்டாவின் கையேடே சொல்கிறது. ஆனால் அந்த ரிலேக்களை மூடி, கணினிகளை எழுப்புவது 12 வோல்ட் பேட்டரி. அது படுத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி பிணம்தான்.

ஆகவே ஊரிலிருந்து வந்து ‘ரெடி’ வராவிட்டால் இழுவை வண்டியைக் கூப்பிடாதீர்கள். ரிமோட்டுக்குள் இருக்கும் உலோகச் சாவியால் ஓட்டுநர் கதவைத் திறந்து, பானெட்டைத் தூக்குங்கள். ஃபியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட முனை இருக்கும், அதுதான் பாசிட்டிவ். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை அங்கும், கறுப்பை வண்டி உடலின் பெயின்ட் இல்லாத போல்ட்டிலும் வையுங்கள். 12.6க்கு மேல் நல்லது. 12.2 பாதி. 11.8க்குக் கீழே போனால் கதை முடிந்தது, பெரிய பேட்டரியைப் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை. ஜம்ப் பேக்கை, அதாவது செத்த 12 வோல்ட்டுக்கு உயிர் கொடுக்கும் கையடக்க பேட்டரியை, அதே இரண்டு இடத்தில் மாட்டுங்கள். சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டினால் இன்வெர்ட்டர் போகலாம், அதற்கு நிஜமாகவே ஆயிரக்கணக்கில் செலவாகும். பிரேக்கை மிதித்துக்கொண்டு பவரை அழுத்துங்கள். மிதிக்காமல் அழுத்தினால் ‘ரெடி’ வராது, 12 வோல்ட்தான் இன்னும் வடியும்.

‘ரெடி’ வந்து, எச்சரிக்கை விளக்கு எதுவும் நிலைத்து எரியாவிட்டால், பெரிய பேட்டரி செத்துவிட்டது என்பவர் பொய் சொல்கிறார். அப்போது மீட்டரில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். பிறகு ஓட்டுங்கள், நிறுத்துமிடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு உட்காராதீர்கள். நிற்கும் வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம், மேலும் ஓட்டினால்தான் இரண்டு பேட்டரியும் ஒழுங்காக ஏறும். மறுநாள் காலை, பவர் பொத்தானை அழுத்தும் முன்பே, மறுபடி அளந்து பாருங்கள். 12.4க்குக் கீழே விழுந்திருந்தால் 12 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள், சில நூறு வெள்ளியோடு போகும். சார்ஜரில் ஏற்றுவதானால் 5 ஆம்பியரைத் தாண்ட வேண்டாம்.

பெரிய பேட்டரி நிஜமாகவே போவதும் உண்டு. டேஷ்போர்டில் பெரிய பேட்டரியின் சார்ஜைக் காட்டும் கட்டங்கள் சில நிமிடத்தில் நிறைந்து, சில நிமிடத்தில் வடியும். பின்னால் விசிறி இரையும். ஸ்கேனரில் பி0ஏ80 என்ற கோளாறுக் குறியீடு (கோட்) வரும். 12 வோல்ட் வீழ்ந்த நேரத்தில் பொய்க் கோடுகளும் பதிவாகும் என்பதால், 12 வோல்ட்டைச் சரிசெய்து, கோடுகளை அழித்து, ஓட்டிவிட்டு மறுபடி படிக்கச் சொல்லுங்கள். மறுபடியும் வந்தால், பிளாக்குகளின் வோல்ட்டைத் திரையில் காட்டச் சொல்லிப் படம் எடுங்கள். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது ஒரு பிளாக் மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட் அல்லது அதற்கு மேல் தாழ்ந்தால் அதில் ஒரு செல் போயிருக்கலாம், ஏனென்றால் ஒரு செல் 1.2 வோல்ட். “ஒரு மாட்யூலை மட்டும் மாத்தித் தர்றோம்” என்று மலிவாகச் சொல்வார்கள். பழைய 27க்கு நடுவே ஒன்று புதிதானால், அடுத்த பலவீனமானது சில மாதத்தில் தலைகாட்டும். விற்கப்போகிற வண்டிக்குச் சரி, வைத்துக்கொள்ளும் வண்டிக்கு வேண்டாம். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற வயர்களை மட்டும் நீங்களாகத் தொடவே கூடாது.

மேற்கோள் விலை வாங்கும்போது எழுத்தில் கேட்க வேண்டியவை: எந்தக் கோட், பிளாக் அளவுகள், போடப்போகும் பேட்டரியின் வரிசை எண், புதியதா சீரமைத்ததா, கழற்றிய பழையதை உங்கள் கண்ணில் காட்டுவார்களா என்பது. அது ஏறக்குறைய 40 கிலோ, ஒரே மதியத்தில் காணாமல் போகும் பொருளல்ல.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். டேஷ்கேமின் பிளக்கைப் பிடுங்குங்கள், அல்லது அது தானாக அணையும் துண்டிப்பு வோல்ட்டை 12.4க்கு ஏற்றுங்கள். உதிரி சாவியை வண்டிக்குள் வைக்காதீர்கள். கடைசிப் பயணத்தில் மின்சாரத்தில் மட்டும் ஓடும் இவி பயன்முறையில் ஓட்டிப் பெரிய பேட்டரியை வடிக்காமல், எட்டுக் கட்டத்தில் ஐந்தாறு இருக்கும்படி நிறுத்துங்கள். மொட்டைமாடித் தளம் வேண்டாம், நிழலான தளம் போதும். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் 10 மில்லிமீட்டர் ஸ்பானரால் 12 வோல்ட்டின் நெகட்டிவைக் கழற்றிவிடலாம். அதன்பின் பூட் மின்சாரத்தால் திறக்காது, முன்னால் ஜம்ப் கொடுத்தால்தான் திறக்கும், அதனால் ஜம்ப் பேக்கை அந்தப் பின்பக்க அறைக்குள்ளேயே வைத்து மூடிவிட்டுப் போகாதீர்கள். உறவினரிடம் சாவி கொடுப்பதானால், ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கச் சொல்லாமல், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை மணி ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: முதலில் பட்டறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு கேஸ் என்ற பயனீட்டாளர் சங்கம். அங்கும் நகரவில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள், இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் தேவையில்லை. 5,000 வெள்ளிக்குள் கோருகிற தனிநபருக்குக் கட்டணம் 10 வெள்ளி. ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், தூசியும் களிம்பும் தெரியும் படங்கள், இரண்டாவது பட்டறை எழுதிக் கொடுத்த பிளாக் அளவுகள், இந்த நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். பேட்டரியைத் துடைப்பதோ மாற்றுவதோ படம் எடுத்த பிறகுதான்.