67 வாட் சார்ஜர்: இரண்டு வருட அனுபவம்

போனுடன் வந்த 67 வாட் சார்ஜரை இரண்டு வருடமாகப் பயன்படுத்துகிறேன். காலையில் குளித்து, இட்லி சாப்பிட்டு எழுவதற்குள் 15-லிருந்து 80 சதவீதம் ஏறிவிடும். அப்புறம் வேகம் தானாகக் குறையும். நிறைந்துவரும் லித்தியம் அயனி பேட்டரி அதே வேகத்தைத் தாங்காது.

பேட்டரியை அதிகம் கெடுப்பது சூடுதான். முதல் கோடையில் தலையணை மேல் வைத்து சார்ஜ் போட்டேன். பின்பக்கம் தோசைக்கல் மாதிரி சுட்டது, கையில் பிடிக்க முடியவில்லை. இப்போது உறையைக் கழற்றி, ஜன்னல் திண்டில் முதுகு மேலே தெரியக் கவிழ்த்து வைக்கிறேன். இரவில் பழைய 10 வாட் சார்ஜர்தான், 80 சதவீத வரம்பும் போட்டிருக்கிறேன். பேட்டரி நலம், அதாவது புதிதில் தாங்கிய சார்ஜில் இப்போது தாங்கும் அளவு, இன்னும் 91 சதவீதம் காட்டுகிறது.

அவசரம் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். கூடவே வந்த கேபிளைத் தொலைத்துவிடாதீர்கள். 99 ரூபாய்க்கு வாங்கிய கேபிளில் அந்த வேகம் வரவே இல்லை.