கியூபெக் நகரம் போகிறவர்கள் முதலில் ஏற வேண்டிய படகு

அக்டோபர் நடுவில் அம்மாவுடன் மூன்று நாள் கனடாவின் கியூபெக் நகரத்தில் இருந்தேன். அம்மாவுக்கு 72 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. அந்த ஊரோ இரண்டு அடுக்கு. மதில் சூழ்ந்த மேல்நகரம் பாறைக்கு மேலே. 1608இல் பிரெஞ்சுக்காரரான சாம்ப்ளெயின் குடியேற்றம் அமைத்த கீழ்நகரம் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில். இடையில் இருக்கும் படிக்கட்டுக்குப் பிரெஞ்சில் கழுத்தை முறிக்கும் படிக்கட்டு என்றே பெயர். மின்தூக்கி உண்டு என்று எழுதியிருந்த விடுதியில் அது இல்லை. முதல் நாளே அம்மா களைத்துப்போனார்.

அதனால்தான் லெவிக்குப் போகும் ஃபெர்ரியில் ஏறினோம். எதிர்க்கரை மக்கள் வேலைக்குப் போய்வரும் படகு அது. கீழ்நகரத்துத் துறையில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் மறுகரை. பகலில் பெரும்பாலும் அரை மணிக்கு ஒன்று புறப்படுகிறது. ஒருவருக்கு ஒரு வழிக்கு ஐந்து டாலர்கூட ஆகவில்லை. உள்ளே கண்ணாடியோரம் இருக்கைகள் உண்டு. அம்மா உட்காரவில்லை, வெளித்தளத்துக் கம்பியைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது ஆறில்லை பிள்ளை, கடல்” என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. செயின்ட் லாரன்ஸ் அங்கே நன்னீர்தான், ஆனால் கடலின் ஏற்றவற்றம் அந்த ஊரைத் தாண்டியும் போகிறது. துறையின் தூண்களில் ஈரம் ஏறி இறங்கிய கறுப்புப் பட்டையை அம்மாதான் எனக்குக் காட்டினார். நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடாதபடி படகு மூக்கைச் சற்றுத் திருப்பி, நண்டுபோல் பக்கவாட்டில் கடக்கிறது. ஆறு குறுகும் இடம் என்ற பொருளுள்ள, அல்கோன்கின் என்ற பூர்வகுடி மொழிச் சொல்லிலிருந்து வந்ததுதான் கியூபெக் என்ற பெயர். அதன் பொருத்தம் நடு ஆற்றில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. ஊருக்கு நேரே கரைகள் நெருங்கி நிற்கின்றன. கீழ்த்திசையில் ஓர்லெயான் தீவின் இரு பக்கமும் ஆறு விரிந்து போகிறது.

நாங்கள் போனது மாலை ஐந்தரைக்கு. சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கியதால் ஃப்ரோன்டெனாக் ஹோட்டலின் கூரைகள் கறுப்பாகத் தெரிந்தன. திரும்பும் படகில் ஏறும்போது அதன் சன்னல்களில் விளக்கு ஏறத் தொடங்கியிருந்தது. மேல்நகரத் தெருக்களில் எவ்வளவு நடந்தாலும் மதில், பாறை, துறைமுகம் மூன்றையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. படகில் நின்றபடியே பிடித்துவிடலாம்.

குறை என்றால் காற்றுதான். வெளித்தளத்தில் அது ஊசியாய்க் குத்துகிறது. அக்டோபரிலேயே கையுறை வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களோடு போகிறவர்கள் மேல்நகரத்தில் அறை எடுத்துக்கொண்டு, பாறைச் சரிவில் கம்பிவடம் இழுக்க ஏறி இறங்கும், 1879 முதல் ஓடும் ஃபுனிகுலர் வண்டியில் இறங்குங்கள். அங்கிருந்து துறைக்குக் கொஞ்ச தூரம்தான், ஏற்றமும் இல்லை.

கடைசி நாள் ரயிலுக்கு முன் எங்கே போகலாம் என்று கேட்டேன். அம்மா ஏற்கெனவே கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். காலையில் போனால் வெயில் நேரே ஊரின் முகத்தில் விழுகிறது. கறுத்திருந்த கூரைகள் எல்லாம் அன்று பச்சையாக இருந்தன.