பட்டறை வாசலிலிருந்து ஹாம்பர்க் வரை ஒரே பில்: 14 மாத அனுபவம்

பல்லாவரத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு தோல் பை பட்டறை. மாதம் ஒன்று, சில மாதம் இரண்டு 20 அடி கண்டெய்னர் ஜெர்மனியின் ஹாம்பர்க் போகும். லாரி, கிடங்கு, கஸ்டம்ஸ், கப்பல், அங்கே டெலிவரி என்று எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகப் பெரிய கப்பல் லைன் ஒன்று சேவை தருகிறது. பேர் வேண்டாம், நாளைக்கும் அவர்களிடம்தான் இடம் கேட்டு நிற்க வேண்டும். 14 மாதம் அதில் அனுப்பினேன். என் மார்க் அஞ்சுக்கு ரெண்டரை.

ஆப் பிரமாதம், அதைச் சொல்லியே ஆக வேண்டும். கண்டெய்னர் எண்ணைத் தட்டினால் கொழும்பில் எப்போது இறங்கியது, அங்கிருந்து எந்த மதர் வெசலில், அதாவது ஐரோப்பா போகும் பெரிய கப்பலில், ஏறுகிறது எல்லாம் வந்துவிடும். காலிப் பெட்டியும் நல்லதாகவே வந்தது. நாங்கள் எப்போதும் ஒரு ஆளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்போம். ஊசி முனை அளவு ஓட்டை போதும், ஒரு மாதத்துக்கு மேல் கடல் ஈரத்தில் கிடந்தால் பை முழுக்கப் பூஞ்சைதான். ஒரு முறைகூட ஓட்டை இல்லை.

போன நவம்பர் மழையில்தான் வினை. சீல் போட்டு அனுப்பிய லாரி எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ராத்திரி முழுக்க வரிசையில் நின்று, கட்-ஆஃபுக்கு, அதாவது பெட்டியை ஏற்றுக்கொள்ளும் கடைசி நேரத்துக்கு, நாலு மணி நேரம் இருக்கும்போது துறைமுகத்துக்குள் போனது. காலையில் மெயில் வருகிறது, இந்த வாரக் கப்பல் ரத்து, உங்கள் பெட்டி அடுத்த வாரத்துக்கு ரோல் ஆகிறது, அதாவது தள்ளிப் போகிறது என்று. போன் செய்தால், "சார், நெட்வொர்க் டீமுக்கு எஸ்கலேட் பண்ணிருக்கோம்."

கப்பல் நிறையவில்லை, அவ்வளவுதான் என்பது என் கணிப்பு. 2013-ல் டென்மார்க்கின் மெர்ஸ்க் லைன் 18,000 பெட்டி ஏற்றும் கப்பலை இறக்கியதும் மற்றவர்களும் அதைவிடப் பெரிதாக வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார்கள். பெட்டிக்கு ஆகும் எண்ணெய்ச் செலவு குறையும், உண்மைதான், ஆனால் கப்பல் நிறைந்தால்தான். ஷேர் ஆட்டோக்காரர் ஆள் சேரும்வரை கிளம்பாத அதே கதை, இங்கே பின்சீட்டில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நம் சரக்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் கப்பல் வாங்கியதில் சரக்கு வாடகை விழுந்தது, நல்ல காலத்தில் அதிக வாடகைக்குக் கப்பல்களை எடுத்து மாட்டிக்கொண்ட தென்கொரியாவின் ஹான்ஜின், உலகின் ஏழாவது பெரிய லைன், 2016-ல் கவிழ்ந்தது.

அப்புறம் கொரோனா வந்து வாடகையை ஏற்றிவிட்டு மற்ற லைன்களைக் காப்பாற்றியது. மெர்ஸ்கின் லாபம் 2022-ல் சுமார் 2,900 கோடி டாலர், அடுத்த வருஷமே சுமார் 390 கோடி. வாடகை விழுந்தது, லாபமும் விழுந்தது. 2024-ல் செங்கடல் பக்கம் போக முடியாமல் ஆப்பிரிக்காவைச் சுற்றியதில் வாடகை ஏற, லாபமும் மறுபடி ஏறியது. இதில் கப்பலைப் பெரிதாக்கிய இவர்களின் வளர்ச்சித் திட்டத்தின் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பயந்துதான் கிடங்கு, லாரி, லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி என்று வாங்கிப் போடுகிறார்கள். மெர்ஸ்க் எல்எஃப் லாஜிஸ்டிக்ஸை 2022-ல் வாங்கியது, பிரெஞ்சு லைன் சிஎம்ஏ சிஜிஎம் கையில் சீவா என்ற லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி. இன்னொரு பெரிய லைனான எம்எஸ்சி மட்டும் பழைய கப்பல்களாக நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்து 2022-ல் முதலிடத்துக்கு வந்தது. ஆனால் அது குடும்பக் கம்பெனி, லாபக் கணக்கு வெளியே வராது. மற்றவர்கள் தேடும் நிலையான வருமானம் யாரிடமிருந்து வர வேண்டும்? என்னைப் போன்றவர்களிடமிருந்துதான். அவர்கள் கப்பல் வராததால் அவர்கள் யார்டில் நின்ற பெட்டிக்கு அவர்களே எனக்கு வாடகை போட்டார்கள். அதை எடுக்க ஒப்புக்கொள்ள வைக்க ஏழு மெயில், 45 நாள்.

முன்பெல்லாம் தம்புச் செட்டித் தெருவில் இருக்கும் எங்கள் சிஹெச்ஏ (கஸ்டம்ஸ் ஏஜென்ட்) அண்ணன், "தம்பி, பெட்டியை இறக்காதே, வேற லைன்ல கேட்டுப் பாக்கறேன்" என்பார். அரை மணியில் பதில் வரும். சொந்தக் கப்பல் இல்லாதவர் என்பதால் நாலு லைனைக் கேட்க முடிந்தது. எல்லாம் ஒரே கையில் போனால் அந்தப் போன் போட ஆளே இல்லை.

வருஷத்துக்கு நூறு பெட்டி ஒப்பந்தம் போடுகிறவர்களுக்கு இது ஒத்து வரலாம், அவர்களை ரோல் பண்ண யோசிப்பார்கள். நான் லாரியையும் கஸ்டம்ஸையும் அண்ணனிடமே திரும்பக் கொடுத்துவிட்டேன், கப்பலில் இடம் மட்டும் இவர்களிடம். யார்டு வாடகையைக் கழித்துத் தரும் கிரெடிட் நோட் இன்னும் கைக்கு வரவில்லை, டிக்கெட் எண் மட்டும் ஆப்பில் பச்சையாக மின்னுகிறது.