சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் பட்டம்: திருகோணமலையிலிருந்து மூன்று வழிகள்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு, "சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க எங்கே பட்டம் செய்யலாம்?" என்று கேட்பவர்கள் திருகோணமலையில் நிறையப் பேர். அந்தக் கேள்விக்குள் இரண்டு வேறு வேலைகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் விண்ணப்பம் போட்டால் நான்கு வருடம் கழித்துத்தான் பிழை தெரியவரும்.

மூன்று வயது முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகள் முன்பள்ளியில் இருக்கிறார்கள். பாலர் பாடசாலை, நேசரி, மொண்டிசூரி என்று ஊரில் எந்தப் பெயரால் அழைத்தாலும் இடம் அதுதான். ஐந்து வயது பூர்த்தியான பிள்ளை அரச பாடசாலையின் தரம் 1க்கு வருகிறது. தரம் 1 ஆசிரியர் இலங்கை ஆசிரியர் சேவையைச் சேர்ந்தவர். முன்பள்ளி ஆசிரியர் அந்தச் சேவைக்குள் இல்லை. முன்பள்ளி மாகாணத்தின் பொறுப்பிலுள்ள விடயம். நடத்துபவை கிராமச் சங்கங்கள், கோயில்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், உள்ளூராட்சி மன்றங்கள், தனியார். ஆகவே கல்விமாணி (B.Ed.) பட்டம் எடுத்தாலும் முன்பள்ளியில் உங்களுக்கென்று அரச ஆசிரியர் சம்பளம் காத்திருக்காது. இது அநியாயம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஒரு பிள்ளையின் பேச்சும் கையும் மனமும் வேகமாக விரியும் வருடங்களைப் பொறுப்பேற்பவருக்கு நாடு மிகக் குறைவாகத்தான் கொடுக்கிறது. ஆனாலும் தெரிவு செய்யும்போது இந்த உண்மை கண்முன் இருக்க வேண்டும்.

வழிகளை ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது கட்டணம், தூரம், காலம். நாங்கள் முதலில் கேட்கச் சொல்வது வேறு: படிக்கும் காலத்தில் எத்தனை நாள், யாருடைய கண்காணிப்பில் பிள்ளைகள் முன் நிற்பீர்கள்? பிள்ளை வளர்ச்சி பற்றி எழுதிய உளவியலாளர்களான பியாஜேயையும் வைகொட்ஸ்கியையும் எந்த நூலகத்திலும் படித்துக்கொள்ளலாம். அழுதுகொண்டு கதவைப் பிடித்து நிற்கும் பிள்ளையை உள்ளே கூட்டி வருவதை, பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் நின்று பார்த்துத் திருத்தினால்தான் கற்க முடியும்.

கல்வியியற் கல்லூரி

இந்த அளவுகோலில் முதலிடம் தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கே. 1985 முதல் நடந்துவரும் இவை மூன்று வருடக் கற்பித்தல் டிப்ளோமாவை வழங்குகின்றன. முதல் இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு; மூன்றாம் வருடம் முழுவதும் ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி, அதாவது வகுப்பில் நின்று கற்பித்துப் பழகுவது. ஒரு முழு வருடம் என்பது சின்ன விடயமல்ல. தரம் 1இல் பென்சிலைக் கைமுட்டிக்குள் பிடித்த பிள்ளை தன் பெயரை எழுதும் வரை ஒரே வகுப்போடு இருக்கிறீர்கள். வேறெந்த வழியிலும் இது கிடைக்காது.

குறைகளும் உண்டு. இது டிப்ளோமா, பட்டமல்ல. ஆரம்பக் கல்வி நெறி தரம் 1 முதல் 5 வரைக்குத்தான் உங்களைத் தயார் செய்யும், முன்பள்ளிக்கு அல்ல. எந்தக் கல்லூரி கிடைக்கும், தாழங்குடாவா, அட்டாளைச்சேனையா, வவுனியாவா, கோப்பாயா என்பது உங்கள் விருப்பத்தில் மட்டும் தங்கியதல்ல. இரண்டு வருட விடுதி வாழ்க்கை என்பதால் கைக்குழந்தை உள்ளவர்களுக்கு இந்த வழி அநேகமாக அடைபட்டுவிடுகிறது. நியமனம் தாமதமாகும் வருடங்களும் உண்டு. முதல் நியமனம் வீட்டிலிருந்து தூரத்துப் பாடசாலைக்குக் கிடைக்கலாம். சேவையில் சேர்ந்த பிறகு தேசிய கல்வி நிறுவகத்தின் ஊடாகவோ திறந்த பல்கலைக்கழகத்தின் ஊடாகவோ கல்விமாணி செய்யலாம். எல்லாம் முடிய ஏழெட்டு வருடம் ஆனாலும், அதில் பாதியைச் சம்பளத்தோடு கடக்கிறீர்கள்.

கிழக்குப் பல்கலைக்கழகம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் இந்தப் பட்டம் இல்லை. அங்கே உள்ளவை தொடர்பாடல் வணிகக் கற்கைகள், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம். கல்வி பிள்ளைநலத் துறை இருப்பது மட்டக்களப்புப் பக்கம், வந்தாறுமூலையில், கலை கலாசார பீடத்தில். 2009இல் கிண்ணியாப் பாலமும், பின்னர் வெருகல் வரையான மற்றப் பாலங்களும் திறக்கப்பட்ட பிறகு கரையோர வீதியால் போகலாம். அப்படியும் நூறு கிலோமீற்றருக்கு மேல் வரும். தினமும் போய்வர முடியாது. விடுதியோ வாடகை அறையோ வேண்டும்.

கலைப் பிரிவு இசட் புள்ளியால் பீடத்துக்குள் நுழைகிறீர்கள், துறைக்குள் அல்ல. சிறப்புக் கற்கைக்கு இடம் கிடைப்பது ஆரம்ப வருடப் புள்ளிகளில் தங்கியுள்ளது. "கம்பஸ் கிடைத்துவிட்டது" என்று முதல் அரையாண்டை இலேசாக எடுத்தவர்கள் விரும்பிய துறையை இழப்பது இங்கேதான். கற்பித்தற் கட்டணம் இல்லை. நூலகமும் விரிவுரையாளரும் பக்கத்திலேயே உண்டு. ஆய்வுக் கட்டுரை எழுதிப் பழகலாம். பின்னாளில் விரிவுரையாளராகவோ, பாடத்திட்டம் எழுதுபவராகவோ, சிறுவர் உரிமை சார்ந்த பதவிகளிலோ வர விரும்புபவருக்கு இதுவே பொருத்தம். வகுப்பறையில் நிற்கும் நாட்கள் கல்வியியற் கல்லூரியைவிடக் குறைவு. பட்டம் முடிந்ததும் நேரே பாடசாலைக்குப் போவதும் இல்லை. பட்டதாரி ஆசிரியர் ஆட்சேர்ப்புக்கான வர்த்தமானி வரும்வரை காத்திருந்து போட்டிப் பரீட்சை எழுத வேண்டும்.

திறந்த பல்கலைக்கழகம்

ஏற்கெனவே முன்பள்ளியில் வேலை செய்பவர்களுக்கு நாங்கள் தயங்காமல் சொல்வது இதைத்தான். நாவலயைத் தலைமையிடமாகக் கொண்ட திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடத்தில் முன்பிள்ளைப்பருவ, ஆரம்பக் கல்விக்கென்றே தனித் துறை உண்டு. முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ், அதற்கு மேல் டிப்ளோமா, அதற்கு மேல் கல்விமாணி எனப் படிப்படியாக ஏறலாம். நீங்கள் சேரும் வருடத்தில் எந்த நெறி தமிழ் மொழிமூலம் நடக்கிறது என்பதை, பணம் கட்டுமுன் மட்டக்களப்புப் பிராந்திய நிலையத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பலர் பிழை விடுவது நேரக் கணக்கில். சான்றிதழ்களையும் பட்டங்களையும் மட்டம் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு திறமைப்புள்ளி (கிரெடிட்) என்பது 50 மணிநேரக் கற்றல். டிப்ளோமாவுக்கு 30 புள்ளி, சாதாரணப் பட்டத்துக்கு 90, சிறப்புப் பட்டத்துக்கு 120. 3 புள்ளிப் பாடம் ஒன்று 150 மணிநேரம்; 15 வாரத்தில் முடிக்க வேண்டுமானால் வாரத்துக்கு 10 மணிநேரம். உற்சாகத்தில் நான்கு பாடத்துக்குப் பதிந்தால் வாரத்துக்கு 40 மணிநேரம். காலை முன்பள்ளி, பின்னேரம் வீட்டு வேலை என்றிருப்பவருக்கு இது முடியாத காரியம். முதல் தவணையில் இரண்டு பாடம் போதும். வருடம் கூடினால் கூடட்டும், இடையில் நின்றுபோகாது.

அடுத்த பொறி தொடர் மதிப்பீடு. படிக்கும்போதே செய்து கொடுக்கும் ஒப்படைகளில் தேவையான புள்ளி எடுத்துத் தகுதி பெறாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கே உட்கார முடியாது. அந்தப் பாடத்தை மறுபடி பதிய வேண்டும், கட்டணமும் மறுபடி. ஒப்படையில் புள்ளி போவதற்கு எப்போதும் அறிவுக் குறைவே காரணமல்ல. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு, திருத்துபவரின் கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். யூனிகோட்டில் தட்டச்சு செய்து, பீடிஎஃப் ஆக மாற்றி, வேறொரு போனில் திறந்து பார்த்த பிறகே அனுப்புங்கள். கடையில் தட்டச்சு செய்யக் கொடுத்தால் "யூனிகோட்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கலைச்சொற்களிலும் கவனம் வேண்டும்: தமிழ்நாட்டு நூல்களின் சொற்கள் பல இடங்களில் நம் தொகுதிகளின் (பல்கலைக்கழகம் தரும் பாடநூல்களின்) சொற்களோடு ஒத்துப்போகாது. ஒரே ஒப்படையில் இரண்டையும் கலந்தால் இரண்டு வேறு கருத்து என்று திருத்துபவர் நினைப்பார். தொகுதியில் உள்ள சொல்லையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

அவதானிப்புக் குறிப்பு: மூன்று வழியிலும் புள்ளி போகும் இடம்

எந்த வழியால் போனாலும் பிள்ளையை அவதானித்து எழுத வேண்டிவரும். அநேகமாக வருவது இப்படி:

"சிறுமி தண்ணீரில் மகிழ்ச்சியாக விளையாடினாள். நுண்ணியக்கத் திறன் நன்றாக வளர்ந்துள்ளது."

இதில் பிள்ளையே இல்லை. எழுதியவரின் அபிப்பிராயம் மட்டும் இருக்கிறது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"மு.ப. 9.10. வயது 4 வருடம் 2 மாதம். வலக்கையால் சிரட்டையில் தண்ணீர் அள்ளி ஒடுங்கிய வாய்ப் போத்தலுக்குள் ஊற்றினாள். பாதி வெளியே சிந்தியது. இரண்டாம் முறை இடக்கையால் போத்தலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள், சிந்தியது குறைந்தது. மூன்றாம் முறை சிரட்டையைக் கீழே வைத்துவிட்டுப் புனலைத் தேடி எடுத்தாள். பக்கத்துப் பிள்ளையிடம் 'இதப் பிடி' என்றாள். 9.16."

ஆறு நிமிடத்தில் எவ்வளவு தெரிகிறது பாருங்கள்! இரு கைகளும் ஒத்துழைக்கத் தொடங்குவது, சிக்கலுக்குப் புது வழி தேடுவது, உதவி கேட்பது. இந்த விளக்கமெல்லாம் தனி நிரலில் வர வேண்டும். கண்டதையும் கருதியதையும் ஒரே வசனத்தில் கலக்கக் கூடாது. ஒரு நாள் பார்த்ததை வைத்து "வளர்ந்துள்ளது" என்று முடிவு கட்டவும் கூடாது. வேறு வேறு நாட்களில், வேறு விளையாட்டுகளில், குறைந்தது மூன்று குறிப்பாவது எடுங்கள். வயதை மாதத்தோடு எழுதுங்கள். நான்கு வயது ஒரு மாதமும் நான்கு வயது பதினொரு மாதமும் ஒன்றல்ல. பிள்ளையின் பெயர் வேண்டாம், மாற்றுப் பெயரோ எழுத்தோ போதும். படம் எடுப்பதானால் பெற்றோரின் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

இருபது பிள்ளைகளைத் தனியே வைத்திருக்கும் ஆசிரியரால் வகுப்பையும் நடத்தி இதையும் எழுத முடியாது. அந்தப் பத்து நிமிடத்துக்கு உதவி ஆசிரியரிடம் வகுப்பை ஒப்படையுங்கள். சட்டைப் பையில் சின்னத் தாள்கள் வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் கிறுக்கி, அன்றைக்கே விரித்து எழுதுங்கள். மறுநாள் எழுதினால் பிள்ளை செய்ததுக்குப் பதில் நீங்கள் நினைத்ததுதான் தாளில் இருக்கும்.

திருகோணமலைக்கென்று இன்னொரு கவனமும் உண்டு. "என் குடும்பம்" பாடத்துக்கு அம்மா, அப்பா என்று மட்டும் அட்டை செய்துகொண்டு கிண்ணியாவிலோ மூதூரிலோ வகுப்புக்குள் போனால், உம்மா, வாப்பா என்று கூப்பிடும் பிள்ளை தன் வீட்டை அந்த அட்டையில் காணாது. பாடத்திட்டம் எழுதுமுன் பிள்ளைகள் வீட்டில் பேசும் சொற்களைக் கேட்டறியுங்கள்.

தனியார் பட்டங்கள்

மொண்டிசூரி அம்மையார் 1944இல் இலங்கைக்கு வந்து பயிற்சி நடத்தியவர். அவருடைய முறை மதிப்புக்குரியது. ஆனால் அந்தப் பெயர் யாருக்கும் தனியுரிமை இல்லாதது; யாரும் பலகையில் எழுதலாம். பெயரைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். தகைமைச் சட்டகத்தில் எந்த மட்டம், எத்தனை புள்ளி என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டுப் பட்டமானால் பட்டம் தரும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று அந்த ஆணைக்குழுவிடமே கேளுங்கள், நிறுவனத்தின் துண்டுப்பிரசுரத்திடம் அல்ல. கற்பித்தற் பயிற்சி எங்கே, யார் வந்து பார்ப்பார் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பயிற்சிக்கு நாள் குறிக்கும்போது

அரச பாடசாலையில் பயிற்சி என்றால் அதிபரின் சம்மதத்தோடு வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என ஐந்து வலயங்கள். பாடசாலை எந்த வலயத்தில் இருக்கிறது என்று தெரியாமல் வேறு பணிமனைக்குக் கடிதம் கொடுத்தால் வாரக்கணக்கில் போய்விடும். இரண்டு மாதம் முன்கூட்டியே கொடுங்கள். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு கால விடுமுறை உண்டு. தவணை மற்றப் பாடசாலைகளோடு ஒத்துவராது. நவம்பர், டிசம்பரில் மழை. வெருகல், மூதூர்ப் பக்கம் வெள்ளம் வந்தால் வகுப்பே நடக்காது. அதே மாதங்களில் முன்பள்ளிகளில் வருட இறுதிக் கலைவிழா ஒத்திகை நடக்கும். பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்களே தவிர விளையாடுவதில்லை, அவதானிக்க எதுவும் அகப்படாது. தெரிவு உங்கள் கையில் இருந்தால் மே முதல் யூலை வரையில் வையுங்கள். பிள்ளைகள் புது இடத்துக்குப் பழகியிருப்பார்கள், மழையும் இல்லை. பிற்பகல் வெயிலுக்கு முன், ஒன்பது மணிக்கும் பத்தரைக்கும் இடையில், முற்றத்து மணலில் அவர்களைப் பார்க்கலாம்.