மெயில் ஒன்றுகூடத் தொலையவில்லை, இருந்தாலும் வேண்டாம்டா

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "மச்சான், நீ ரெண்டு வருஷமா சொந்தமா மெயில் சர்வர் ஓட்டுறியே, எங்க கடைக்கும் ஒண்ணு போட்டுடவா?" ஒரே வரியில் பதில் போட ஆரம்பித்தேன். நாலு முறை அழித்துவிட்டு இப்போது நீளமாகவே எழுதுகிறேன்.

மாமாவின் அச்சகத்துக்கு ஆறு மெயில் ஐடி. 2023 கடைசியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் போட்டது. மெயிலை வாங்கி அனுப்புவது போஸ்ட்ஃபிக்ஸ். வந்ததைப் பெட்டியில் வைத்து போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் காட்டுவது டவ்காட். மெயில் போலி இல்லை என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் கதையெல்லாம் இந்நேரம் எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. சர்வரை வாடகைக்குக் கொடுத்தவர்கள், மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் வழியான 25-ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களுடைய உதவிப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டிக்கெட் போட்டுத் திறக்க மூன்று நாள் ஆனது. அதைக்கூட மன்னித்துவிட்டேன்.

இன்னும் மன்னிக்க முடியாதது கையேடுகளைத்தான். இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது, மலை போல. போஸ்ட்ஃபிக்ஸில் நூற்றுக்கணக்கான அமைப்புகள், ஒவ்வொன்றுக்கும் விளக்கம், எந்தப் பதிப்பில் வந்தது என்பது வரை. டவ்காட்டுக்கும் அப்படியே. ஆனால் அகராதியைக் கையில் கொடுத்துக் கடிதம் எழுது என்றால் எப்படி? என் மாதிரி ஆறு ஐடி வைத்திருப்பவனுக்கு இதில் எந்த இருபது வரி போதும், எதை முதலில் எழுத வேண்டும், எழுதியது சரியா என்று எதைத் தட்டிப் பார்ப்பது? இதைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அதிலும் போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் கை கோர்க்கும் இடம் இருக்கிறதே, அது இரண்டு வீட்டுக்கு நடுவில் உள்ள சந்து மாதிரி. யாரும் பெருக்க மாட்டார்கள்.

அந்தச் சந்தில் நான் ஒரு ராத்திரி முழுக்க நின்றிருக்கிறேன். மெயில் அனுப்புகிறவரின் பாஸ்வேர்டு சரியா என்று போஸ்ட்ஃபிக்ஸ் டவ்காட்டிடம் கேட்க வேண்டும். இருவரும் பேசிக்கொள்ள ஒரு சாக்கெட் ஃபைல். டவ்காட் பக்கத்தில் அதன் முழு முகவரியை எழுத வேண்டும்: வார், ஸ்பூல், போஸ்ட்ஃபிக்ஸ், ப்ரைவேட், ஆத். போஸ்ட்ஃபிக்ஸ் பக்கத்தில் வெறும் "ப்ரைவேட்/ஆத்". ஏதோ அச்சுப்பிழை என்று நினைத்து நான் இரண்டிலும் முழு முகவரியை எழுதினேன். "அப்படி ஒரு ஃபைலே இல்லை" என்றது. ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை போட்டால் ஃபைல் கண் முன்னால் இருக்கிறது. பெர்மிஷனை மாற்றினேன், ஓனரை மாற்றினேன், சர்வரையே ரீபூட் செய்தேன். விடியற்காலை நாலு மணிக்குத்தான் போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர்.சிஎஃப் ஃபைலின் ஐந்தாவது நெடுவரிசையில் ஒரு சின்ன "ஒய்" எழுத்து கண்ணில் பட்டது. டெபியன் போஸ்ட்ஃபிக்ஸை க்ரூட் என்ற தனியறைக்குள் அடைத்து ஓட்டுகிறது. உள்ளே இருப்பவனுக்கு அந்த ஸ்பூல் அறைதான் உலகம். வெளியே இருந்து சொல்லும் முகவரி அவனுக்கு எப்படிப் புரியும்?

நியாயமாகச் சொன்னால், இது போஸ்ட்ஃபிக்ஸின் சாஸ்ல் (பாஸ்வேர்டு சரிபார்ப்பு) கையேட்டில் இருக்கிறது. க்ரூட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை செய்யட்டும் என்றுதான் முகவரியைச் சுருக்கி எழுதியிருக்கிறோம் என்று ஒரு வாக்கியம். மறுநாள் படித்தபோது இன்னும் கோபம் வந்தது. ஒரு ராத்திரியைத் தின்னக்கூடிய விஷயத்தை உதாரணத்துக்குக் கீழே போகிற போக்கில் சொன்னால் யார் கண்ணில் படும்?

இதில் டுடோரியல் எழுதுகிறவர்கள் வேறு. பத்தில் ஒன்பது பேர் "இதை காப்பி செய்து ஒட்டு" என்கிறார்கள், ஏன் என்று சொல்வதில்லை. ஏதாவது தவறினால், நடந்ததெல்லாம் பதிவாகும் மெயில்.லாக் ஃபைலைப் பார் என்று எல்லோரும் ஒரே குரலில். புதிதாகப் போட்ட டெபியன் 12-இல் அந்த ஃபைலே கிடையாது. அதை எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக வருவதை நிறுத்திவிட்டார்கள், ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளையில்தான் பார்க்க வேண்டும். இல்லாத ஃபைலைத் தேடி அரை நாள்.

சரி, யாரையும் நம்ப வேண்டாம், ஒவ்வொரு வரிக்கும் காரணத்தை நானே பக்கத்தில் எழுதி வைக்கிறேன் என்று போஸ்ட்ஃபிக்ஸின் முக்கிய அமைப்பு ஃபைலான மெயின்.சிஎஃப்பில் வரிக் கடைசியில் ஒரு ஹேஷ் போட்டுக் குறிப்பு எழுதினேன். போஸ்ட்ஃபிக்ஸ் என் குறிப்பையும் மதிப்போடு சேர்த்து விழுங்கிவிட்டது. குறிப்பு தனி வரியில்தான் இருக்க வேண்டுமாம். அன்றைக்கே தெருமுனைக் கடையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, கையால் எழுத ஆரம்பித்தேன்.

திட்டிக்கொண்டே இருக்கும்போது பாராட்டவும் ஒன்று இருக்கிறது. இவற்றின் பிழைச் செய்திகள் கையேட்டைவிட நல்ல வாத்தியார்கள். டவ்காட் 2.3-இல் பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ் ஃபைலின் முகவரிக்கு முன்னால் ஒரு "சிறியது" (<) குறி போட வேண்டும். மறந்தால் முகவரியையே சான்றிதழ் என்று எடுத்துக்கொள்ளும். நான் மறந்தேன். "அந்தக் குறியை விட்டுவிட்டாய் போலிருக்கிறதே" என்று லாகில் அதுவே சொன்னது! யாரோ ஒருவர் நம்மைப் போலவே அங்கே விழுந்து எழுந்து அந்த வரியை எழுதியிருக்கிறார். அன்றைக்கு டவ்காட் மேல் காதலே வந்துவிட்டது.

அந்தக் காதல் போன மாதம் டெபியன் 13-க்கு மாறியபோது போனது. அதில் வருவது டவ்காட் 2.4. சனிக்கிழமை ராத்திரி அப்கிரேடு முடிந்தது. ஞாயிறு காலை மாமா போன்: "டேய், மெயிலே திறக்கல. கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் ஓகேவான்னு பார்ட்டி பதில் போட்டிருக்காங்களாம்." முகூர்த்த மாசம் வேறு.

போய்ப் பார்த்தால் டவ்காட் எழுந்திருக்கவே இல்லை. கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலின் முதல் வரியில் பதிப்பு எண் இருந்தே ஆக வேண்டுமாம். அதை எழுதினால் அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. "மெயில் லொகேஷன்" என்ற ஒரு வரி இப்போது மெயில் டிரைவர், மெயில் பாத் என்று இரண்டு. பயனர் பெயருக்கு இருந்த "சதவீதம் யூ" (%u) போய், அடைப்புக்குள் முழுதாக எழுத வேண்டும். நான் நெட்டுருப் போட்டு வைத்திருந்த "சிறியது" குறி? போயே போச்சு. அமைப்பின் பெயரே மாறி, இப்போது வெறும் முகவரி போதும். இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் 2.3-க்கு எழுதியவை. பழையது எது, புதியது எது என்று பார்த்துப் பிரிப்பதே பாதி வேலை.

டெபியனின் வெளியீட்டுக் குறிப்பில் இதைத் தெளிவாகவே எச்சரித்திருக்கிறார்கள், முதலில் வேறொரு மெஷினில் மாற்றிப் பார் என்று. நான் படித்தது ஞாயிறு மதியம். இது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வாக்கியத்துக்குமேல் ஒப்புக்கொள்ள முடியாது.

மாலை ஆறரைக்கு டவ்காட் எழுந்தது. பயந்துகொண்டே மெயில்க்யூ, அதாவது காத்திருக்கும் மெயில்களின் பட்டியலைப் பார்த்தேன். அந்தப் பக்கம் கதவு மூடியிருந்த நேரம் முழுக்க போஸ்ட்ஃபிக்ஸ் வந்த மெயில்களை வாங்கி வரிசையில் வைத்துக்கொண்டு, இடையிடையே கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நாம் எதுவும் மாற்றாவிட்டால் ஐந்து நாள் வரை அப்படிக் காத்திருக்கும். 41 மெயில். ஒரு கட்டளை கொடுத்ததும் மடமடவென்று பெட்டிக்குள் விழுந்தன, ப்ரூஃப் பதிலும் சேர்த்து. இரண்டு வருஷத்தில் அச்சகத்தின் மெயில் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. பணம் கட்டி வாங்கிய எந்தச் சேவையும் இவ்வளவு நாணயமாக எனக்கு உழைத்ததில்லை.

நண்பனுக்கு அனுப்பிய பதில்: "வேண்டாம்டா. மாசம் இவ்வளவுன்னு கட்டிட்டு நிம்மதியா கடையைப் பாரு."

"அப்ப நீ மட்டும் ஏன் வச்சிருக்க? உன் கான்ஃபிக் ஃபைலையாவது அனுப்பு, ஒட்டிக்கிறேன்" என்றான்.

கான்ஃபிக் ஃபைல் அனுப்பவில்லை. நோட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பினேன், 37 படம். நீல டிக் வந்துவிட்டது. அதற்கப்புறம் ஆள் பேச்சையே காணோம்.