ஜாங்–ஷாஷா, ஆப்டெட், பிக்யூ-கிராம்: சில வருடங்கள் புழங்கிய பிறகு

வலைத்தளங்களிலிருந்து தரவு திரட்டும் நிரல்களைப் பராமரிப்பது என் வேலை. தளக்காரர்கள் பக்க அமைப்பை மாற்றிவிட்டால் நிரல் படுத்துவிடும். பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் குறிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கி ஒரு மரம் போல அமையும்; ஒவ்வொரு குறியும் அதில் ஒரு கணு. அதனால் நேற்றைய எச்டிஎம்எல் மரத்தையும் இன்றைய மரத்தையும் ஒப்பிட்டு, எவ்வளவு விலகியிருக்கிறது என்று தினமும் பார்க்கிறோம். தலைப்பில் உள்ள மூன்றும் அப்படி மரங்களை ஒப்பிடும் முறைகள்.

எல்லோரும் தொடங்கும் இடம், ஜாங்கும் ஷாஷாவும் 1989இல் வெளியிட்ட முறை. கணுவைச் சேர்ப்பது, நீக்குவது, பெயர் மாற்றுவது என மூன்றே செயல்களால் ஒரு மரத்தை இன்னொன்றாக்க ஆகும் குறைந்தபட்சச் செலவைச் சொல்லும். விடை துல்லியம். ஆனால் மரத்தின் வடிவம் மோசமாக அமைந்தால், நேரம் கணு எண்ணிக்கையின் நான்காம் அடுக்கு வரை ஏறும். பாவ்லிக்கும் ஆக்ஸ்டனும் உருவாக்கிய ஆப்டெட் மூன்றாம் அடுக்கோடு நிற்கும். அதற்கு மாறியதில் வருத்தமே இல்லை. நினைவகத்தில் மட்டும் கவனம் வேண்டும்: இரு மரங்களிலும் தலா 5,000 கணுக்கள் என்றால் ஒப்பீட்டு அட்டவணையில் 2.5 கோடிக் கட்டங்கள், கட்டத்துக்கு 8 பைட் வைத்தாலே 200 எம்பி.

வேகத்தைவிட என்னைப் படுத்தியது வேறு. மேலே இருந்த மெனுவைத் தூக்கிக் கீழே வைத்தால் நம் கண்ணுக்கு அது ஒரே மாற்றம். இந்த முறைகளில் 'நகர்த்து' என்ற செயலே கிடையாது. 40 கணு மெனுவுக்கு 40 நீக்கல், 40 சேர்த்தல் என்று செலவு 80 வரை போகும். அதே சமயம் பக்கம் முழுவதையும் புதிதாக ஒரு டிவ்வுக்குள் (பக்கத்தின் பகுதிகளைப் பெட்டி போலத் தொகுக்கும் குறி) போட்டால் செலவு வெறும் 1! என் நிரலுக்கு இதுதான் ஆபத்து. மரத்தின் உச்சிக் கணுவான வேரிலிருந்து தரவு இருக்கும் கணு வரை எழுதிவைத்த பாதைகள் எல்லாம் உடைந்துபோகும்.

பிக்யூ-கிராம் இங்கேதான் கைகொடுத்தது. ஆக்ஸ்டன் குழு 2005இல் தந்தது. ஒவ்வொரு கணுவையும் அதன் மூதாதையரோடும் அடுத்தடுத்த பிள்ளைகளோடும் சேர்த்துச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, இரு மரங்களுக்கும் பொதுவான துண்டுகளை எண்ணும். மெனு இடம் மாறினால் அதன் உள்துண்டுகள் அப்படியே இருக்கும், ஓரத்தில்தான் மாறும். புது டிவ் வந்தாலோ அதன் பிள்ளைகள் அத்தனை பேரின் துண்டுகளும் மாறிவிடும். இதைத் தோராய முறை என்பார்கள். இந்த வேலைக்கு அந்தத் துல்லியத்தைவிட இந்தத் தோராயமே மேல். வேகமும் அதிகம்.

எக்ஸ்எம்எல் கோப்புகளும் குறிகளால் ஆன மரங்கள்தான்; ஆனால் உடன்பிறப்புகளின் (ஒரே கணுவின் பிள்ளைகளின்) வரிசை முக்கியமில்லாதவை வேறு கதை. வரிசை பாராமல் திருத்தத் தொலைவு (மேலே சொன்ன குறைந்தபட்சச் செலவு) காண்பது என்பி-கடினம், அதாவது எல்லா மரங்களுக்கும் வேகமாகத் தீர்க்கும் வழி யாருக்கும் தெரியாத வகை என்று 1992லேயே நிறுவிவிட்டார்கள். நான் பிள்ளைகளைப் பெயர்வாரியாக அடுக்கிவிட்டுத்தான் ஒப்பிடுகிறேன். ஒரே பெயரில் நிறையப் பிள்ளைகள் இருந்தால் இது சொதப்பும்.

இப்போது முதல் சல்லடை பிக்யூ-கிராம், மூதாதையர் பக்கம் 2, பிள்ளைகள் பக்கம் 3 என்ற அளவில். அதில் சந்தேகப்படும் ஜோடிகள் மட்டும் ஆப்டெட்டுக்குப் போகும். எந்தக் கணு எதோடு பொருந்தியது என்ற பட்டியலையும் அது தருவதால், உடைந்த பாதையைத் திருத்துவது சுலபம்.